வெண்ணெய் வாசம் போகும் வரை

நாட்றம்பள்ளிப் பக்கம் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடுகளில் முதல் நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். கேவுரு மாவைத் தண்ணீரில் கரைத்து, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, துணியால் மூடி மூலையில் வைத்துவிடுவார்கள். மறுநாள் நொய் வெந்து வரும்போது அந்த மாவை ஊற்றிக் கிளற வேண்டும். இடையில் உள்ள இரவில் யாரும் அதைத் தொடுவதில்லை. காலையில் துணியை விலக்கினால் மெல்லிய புளிப்பு மணம் எழும். மாவுக்குள் வேலை நடந்து முடிந்திருக்கும். செய்தது யார் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் கேள்வி எனக்குள் எழுந்த இடத்தைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெங்களூரில் பீர் காய்ச்சும் ஒரு சிறு கூடத்தில் அது எழுந்தது.

நான் குடிப்பவன் இல்லை. கள்ளுண்ணாமைக்கென்று வள்ளுவரும் ஓர் அதிகாரம் வைத்தார். திருமூலரும் முதல் தந்திரத்தில் ஒரு பகுதி வைத்தார். வாணியம்பாடி, ஆம்பூர்த் தெருக்களில் டேனரிக் கூலி வீடு வந்து சேராத மாலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இருவரும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதையும், 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை நடத்துவதையும் வைத்து வாதாட இங்கே நான் வரவில்லை. என்னை இழுத்தது கோப்பை அன்று, அடுப்படி.

அக்கா மகன் அந்தப் பீர்க் கூடத்தில் ப்ரூவராக இருக்கிறான். பெங்களூரில் இப்படிப்பட்ட சிறு கூடங்கள் பெருகத் தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்திரா நகரின் டாய்ட், 2010-ல் தொடங்கியது, முன்னோடிகளில் ஒன்று. தென்னிந்தியாவுக்கு இந்தத் தொழில் அதைவிட வெகு பழையது. நீலகிரியிலும் பெங்களூரிலும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் காய்ச்சிக்கொண்டிருந்த பழைய ஆலைகளை ஒன்றாக்கித்தான் 1915-ல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், "ஒரு தடவ வந்து பாருங்க மாமா, குடிக்கச் சொல்லலயே" என்று அவன் கூப்பிட்டதைத் தட்ட முடியவில்லை.

முதலில் அவன் என் உள்ளங்கையில் கொஞ்சம் தானியத்தை வைத்தான். பார்லி. சாதாரண பார்லி இல்லை. முளைகட்டிக் காய வைத்தது, மால்ட். இரண்டு நாள் நீரில் ஊற வைத்து, நாலைந்து நாள் முளைக்க விட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். விதைக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அது செடிக்கான கட்டுச்சோறு. முளைக்கும்போதுதான் அந்தச் சோற்றைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை விதை சுரக்கிறது. நொதிகள் நிறைந்து, செடி இன்னும் அதைத் தின்று தீர்க்காத நேரம் பார்த்து உலர்த்திவிட வேண்டும். ஒரு நாள் முந்தினால் நொதி போதாது, ஒரு நாள் பிந்தினால் சோறு போதாது. வாயில் போட்டு மென்றேன். ஹார்லிக்ஸ் மணத்தது. வியப்பதற்கில்லை, ஹார்லிக்ஸிலும் முளைகட்டிய பார்லிதான் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கும் மதுக்கூடத்துக்கும் மூலச்சரக்கு ஒன்றே.

இந்த மால்ட்டை உடைத்து வெந்நீரில் கொட்டி, 65 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். மாவு சர்க்கரையாகிறது. சூடு 75-ஐத் தாண்டினால் நொதிகள் சோர்ந்துவிடும். உடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாவாக அரைக்கக் கூடாது. மணி உடைய வேண்டும், உமி முழுசாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். அவன் தொட்டியின் அடியைக் காட்டினான். ஒரு மணி நேரம் கழித்து உமியெல்லாம் கீழே படிந்து ஒரு மெத்தையாகிறது. அதன் வழியாகத்தான் இனிப்பு நீர் வடிந்து தெளிவாக வருகிறது. உமி இல்லாவிட்டால் கூழ் போல அடைத்துக்கொள்ளும்.

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் ஆணவம், மாயை, கன்மம் என்ற மும்மலங்களுக்கு நெல்லின் முளை, தவிடு, உமியை உவமை காட்டுவார். படித்த நாளிலிருந்து உமியைக் களைய வேண்டியதாக மட்டுமே நினைத்து வந்திருக்கிறேன். மூடி மறைத்த அதே உமி கடைசியில் வடிகட்டியாகவும் நிற்கும் என்பதைப் பார்த்தபோது சற்று நேரம் அந்தத் தொட்டியை விட்டு நகரத் தோன்றவில்லை. பாடுபட்டுத் தள்ளிவிட நினைக்கிற பழைய வினைகளும் உறவுகளும்கூட, அடங்கிப் படிந்த பிறகு, நம்மைத் தெளிய வைக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

இங்கே அவனிடம் பெரும்பாணாற்றுப்படையைப் பற்றிச் சொன்னேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. பாலாறு ஓடுகிற நம் தொண்டை நாட்டைச் சுற்றிக் காட்டும் பாட்டு. அதில் வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கப்போகும் விருந்தைச் சொல்லும்போது புலவர் ஒரு செய்முறையையே தந்துவிடுகிறார். குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆற்றி, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கடத்தி, உறுதியான வாயுள்ள சாடியில் முற்ற விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். அந்த அடையை நெல்முளை என்று உரை சொல்வதுண்டு.

அவன் நின்றுவிட்டான். "நெல்லுல மால்ட் போட்டிருக்காங்க மாமா. ஆற வெச்சுட்டுக் கலந்திருக்காங்க பாருங்க, அது முக்கியம். சூடா இருந்தா எல்லாம் செத்துடும்."

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அடுப்படி அவனுக்கு அவ்வளவு எளிதாகப் புரிந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

வடித்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைப் போடுகிறார்கள். கசப்புக்கும் மணத்துக்கும், கெடாமல் இருக்கவும். அது நம் நிலத்துப் பொருள் இல்லை; பையைத் திறந்து முகர்ந்து பார்த்ததோடு நகர்ந்தேன். பிறகு 20 டிகிரி வரை குளிர வைத்து, பெரிய எஃகு டாங்கில் ஏற்றி, ஈஸ்ட்டை விடுகிறார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி உயிர்கள். டாங்கின் மூடி விழுகிறது.

"இதுவரைக்கும் நாங்க செஞ்சது சாப்பாடு மாமா. ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. பீர் பண்றது அதுதான், நாங்க இல்ல" என்றான்.

உலகத்தில் இந்த உண்மை தெரியவே வெகு காலம் ஆனது. பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றும் தவிர வேறெதுவும் பீரில் சேரக் கூடாது என்றது. வேலையெல்லாம் செய்கிறவர் பட்டியலிலேயே இல்லை. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை 1876-ல் வெளியிட்டார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883-ல் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுத்தார். அதுவரை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் பாத்திரத்தைத் தயார் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள், யாரோ வந்தார்கள். ஆடி மாதத்து மாவுப் பாத்திரத்தில் வருகிறவர்களும் இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

அப்படியானால் மனிதனுக்கு என்ன வேலை? அவன் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் கழுவிக்கொண்டிருந்தான். டாங்கை, குழாயை, வால்வை, தரையை. காரத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு கிருமிநாசினி. "எங்க வேலைல முக்காவாசி கழுவறதுதான். பாக்கறவங்களுக்கு இது தெரியாது" என்றான். எனக்கு அப்பர் நினைவுக்கு வந்தார். தேவாரம் பாடியவர் கையில் உழவாரப்படை. கோயில் தோறும் புல் செதுக்கினார், முள் அகற்றினார். சைவம் சொல்லும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் முதற்படி சரியை. கூட்டுவதும் மெழுகுவதும் விளக்கேற்றுவதும் அதில் அடங்கும். அதைத் தொடக்கக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்கள் அந்தக் கூடத்துக்கு ஒரு நாள் வர வேண்டும். அருளை வரவழைக்க அவனால் முடியாது. வந்தால் தங்குவதற்குத் தூய்மையான இடம் இருக்குமாறு பார்த்துக்கொள்ள முடியும். அதைத் தினமும் செய்ய வேண்டும்.

டாங்குகளில் ஒன்று ஐந்தாம் நாளில் இருந்தது. குமிழி அடங்கியிருந்தது. அவன் வால்வைத் திறந்து சிறு கண்ணாடிக் குவளையில் பிடித்து முகரச் சொன்னான். எதிர்பாராத மணம். காய்ச்சப் போகும் வெண்ணெய்.

அதற்கு டையசிட்டில் என்று பெயராம். ஈஸ்ட் வளர்கிற வேகத்தில் வெளியே தள்ளும் ஒரு பொருளிலிருந்து உண்டாகிறது. அந்த மணம் இருந்தால் பீர் இன்னும் பச்சை. "வடிகட்டி எடுத்துடலாமே" என்றேன்.

"எடுக்க முடியாது மாமா. ஈஸ்ட்டே திருப்பி எடுத்துக்கும். நாம ரெண்டு டிகிரி சூடு ஏத்தி, ரெண்டு நாள் சும்மா இருக்கணும். அவசரப்பட்டுக் குளிர வெச்சுட்டா ஈஸ்ட் தூங்கிடும், வெண்ணெய் வாசம் அப்படியே நின்னுடும். அப்புறம் அத போக்கறது பெரும்பாடு."

சைவ சித்தாந்த வகுப்புகளில் மலபரிபாகம் என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆணவ மலத்தை யாரும் கத்தியால் அறுத்து எடுப்பதில்லை. அது முதிர வேண்டும், தன் வலி தளர வேண்டும். அதன் பிறகே சத்திநிபாதம், அருள் பதிவது. மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று அதற்கு நான்கு படி. புத்தகத்தில் இது தெளிவாக இருக்கும். ஆனால் அழுக்கு எப்படி முதிரும், முதிர்ந்தால் கூடத்தானே செய்யும் என்ற ஐயம் எனக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இந்தக் குவளையைக் கையில் பிடித்தபோது அது கொஞ்சம் விலகியது. வேகத்தில் தள்ளிய கசடை, வேகம் அடங்கியதும், தள்ளியவரே திரும்ப வாங்கிக்கொள்கிறார். இரைக்கு அலைகிற காலத்தில் அது முடியாது. சர்க்கரை தீர்ந்த பிறகு, சூடு தணியாமல் இருந்தால் முடியும். இந்த இரண்டாவது நிபந்தனையை நான் யோசித்ததே இல்லை. ஆசை அடங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆசை அடங்கிய பின்னும் உள்ளே இளஞ்சூடு வேண்டும். குளிர்ந்துபோனவர்களுக்குள் கசடு அப்படியே உறைந்து கிடக்கிறது. ஊரில் அப்படிப்பட்ட ஓய்வுபெற்ற பெரியவர்கள் உண்டு. எதிலும் பற்றில்லை என்பார்கள், பேச்சில் மட்டும் பழைய கோபம் மாறாமல் இருக்கும்.

காத்திருப்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதனிட்ட ஊர்கள் இவை. குரோமியம் வந்தபின் அதே வேலை ஓரிரு நாளில் முடிந்தது. பிழைப்பும் பெருகியது, அதை மறுக்க முடியாது. கழிவு பாலாற்றுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. கேடு முழுவதையும் அவசரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இருந்தாலும் வாணியம்பாடிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், மிச்சம் பிடித்த அந்த வாரங்களை எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

டாங்கில் வேலை முடிந்ததும் ஈஸ்ட் அடியில் படிந்துவிடுகிறது. தான் உண்டாக்கிய மதுவில் அதற்குப் பங்கில்லை. அதிகமானால் அதுவே அதற்கு நஞ்சு. அடியில் படிந்த வண்டலை எடுத்து வைத்து அடுத்த காய்ச்சலுக்கு விடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அது போகிறது. மால்ட் சக்கையை மாட்டுக்காரர் ஒருவர் வண்டியில் வந்து அள்ளிக்கொண்டு போனார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். வெண்ணெய் வாசம் நிஜமாகவே போய்விட்டதா, மறைந்து நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

"டெஸ்ட் இருக்கு மாமா. கொஞ்சம் எடுத்து, மூடி, 60 டிகிரில இருபது நிமிஷம் சூடு பண்ணுவோம். அப்புறம் ஆற வெச்சு மோந்து பாப்போம். ஒளிஞ்சிருந்தா அப்ப வெளிய வந்துடும்." சற்று நிறுத்தி, "உங்க ஆளுங்க எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க?" என்றான்.

இருவினையொப்பைச் சொன்னேன். நல்வினைப் பயன் வந்தாலும் தீவினைப் பயன் வந்தாலும் மனம் ஒரே நிலையில் நிற்பது. மலம் முதிர்ந்ததற்கு அது அடையாளம். லாபத்திலும் இழப்பிலும் புகழிலும் அவமானத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன்.

"அப்ப அதுவும் சூடு பண்ணிப் பாக்கறதுதான்" என்று சிரித்தான். "நீங்க பாஸா மாமா?"

போன மாதம் பங்காளிகளோடு நடந்த நிலத் தகராறு அவனுக்கும் தெரியும். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்த டாங்கைக் கழுவப் போனான்.