அச்சு மாறிய வண்டி

1965இல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-100 பிக்கப்பின் முன்பக்கத்தில் 'ட்வின் ஐ-பீம்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ஒற்றை அச்சுக்குப் பதில் இரண்டு நீண்ட இரும்பு உத்தரங்கள். இடது சக்கரத்தின் உத்தரம் சேசிஸின் வலப்பக்கத்திலும், வலது சக்கரத்தினுடையது இடப்பக்கத்திலும் கீல்போல் ஆடும். மேடு பள்ளத்துக்கு அசையாத உறுதி. ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வு மாறும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். அலைன்மென்ட் பார்க்க வேண்டுமென்றால் பட்டறையில் ஜாக்கி கொடுத்து அந்த உத்தரத்தையே வளைப்பார்கள். பின்னால் பட்டைப் பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏறினால் அமரும், காலியாகப் போனால் குதிக்கும்.

அமெரிக்காவில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலர் உத்தரங்களைக் கழற்றிவிட்டு, 2003 முதல் வந்த கிரவுன் விக்டோரியா காரின் முன் சஸ்பென்ஷனைப் பொருத்துகிறார்கள். போலீசாரும் டாக்சிக்காரர்களும் ஓட்டித் தீர்த்த கார் அது. அலுமினியச் சட்டம், மேல் கை, கீழ் கை, ஸ்டியரிங் ரேக் எல்லாம் ஒரே தொகுதியாகக் கழன்று வரும். மாட்டிய பின் வளைவில் வண்டி தள்ளாடாது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். அப்போது அது இன்னும் அந்த எஃப்-100 தானா?

இதே கேள்வியைக் கப்பலை வைத்துக் கேட்டவர்கள் உண்டு. கிரேக்கக் கதைநாயகன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை எடுத்துவிட்டு ஏதென்ஸ்காரர்கள் புதியவற்றைப் பதித்தார்கள், அது பழைய கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டார்கள் என்கிறார் புளூட்டார்க். அங்கே பலகைக்குப் பலகைதான் வந்தது. கல்லாய் இறுகி வெடித்த ரப்பர் புஷ்ஷை எடுத்து, அதே அளவில் புதிய புஷ் போடுவது அந்த வகை. அதில் யாருக்கும் ஐயம் எழாது. உத்தரம் இருந்த இடத்தில் காரின் கைகள் வருவது வேறு வகை. அங்கே வண்டி நடக்கும் விதமே மாறுகிறது.

மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி தேரை எடுத்துக்கொள்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று மிலிந்த மன்னனைக் கேட்கிறார். எதுவுமே இல்லை, இவை சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர். இதன்படி பிக்கப்புக்குள் மாறாத சாரம் என்று தேட எதுவுமில்லை. பெயர் வழக்கில் நிற்கிறது. இந்த விடை மிகத் தெளிவானது. ஆனாலும் எந்த மாற்றம் பெரியது, எது சிறியது என்று அது சொல்வதில்லை.

அதற்கு அரிஸ்டாட்டில் உதவுவார். ஒரு பொருள் எதற்காக இருக்கிறது என்பதும் அதன் இயல்பில் சேரும் என்பது அவர் வாதம். பிக்கப் சுமைக்காகச் செய்யப்பட்டது. ஓட்டம் மென்மையாக இருக்கட்டும் என்று பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையை உருவினால், தோற்றம் பெரிதாக மாறாது. சுமக்கும் வலு குறையும். பார்வைக்கு எளிதில் தெரியாத இந்த மாற்றம் முன்பக்கத்தையே மாற்றுவதைவிட ஆழமானது. சுமையே ஏற்றாமல் ஞாயிறுதோறும் உலாவுக்கு மட்டும் எடுக்கும் வண்டியில் நோக்கம் முன்பே மாறிவிட்டது. ஸ்பிரிங் அதைப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான்.

தீசியஸின் கப்பலில் கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இரண்டாவது கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் தத்துவவாதி ஹாப்ஸ் கேட்டார். பிக்கப்பில் இது கற்பனை இல்லை. கழற்றிய உத்தரங்களை, தன் வண்டியைப் பழையபடி மீட்க நினைக்கும் இன்னொருவர் வாங்கிப் போகலாம். பதிவுச் சட்டம் இதற்குள் நுழையாது. சேசிஸில் பொறித்த எண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு வண்டி. உத்தரங்களை விற்காமல் கொட்டகையில் எண்ணெய் தடவி வைத்திருப்பவர்களும் உண்டு, என்றாவது திரும்ப மாட்டலாம் என்று.