எண்ணி வைத்தவர்கள்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் தெற்கே குறுகிக் குறுகிக் கேப் மே முனையில் முடிகிறது. கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல், மேற்கே டெலவேர் விரிகுடா. இலையுதிர் காலத்தில் குளிர் இறங்கி, வடமேற்குக் காற்று வீசத் தொடங்கினால், தெற்கே வலசை போகும் வல்லூறுகளும் பருந்துகளும் கடலோரத்துக்குத் தள்ளப்படுகின்றன. கரையை ஒட்டியே வந்தவை முனையில் திகைத்து வட்டமிடுகின்றன. எதிரே, பயணிகள் கப்பல் கடப்பதற்கே ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் பிடிக்கும் நீர்ப்பரப்பு. நிலத்தின்மேல் எழுவதுபோல் அங்கே வெப்பக்காற்று மேலெழுவதில்லை. சிறகை விரித்து மிதந்தபடியே கடந்துவிட முடியாது. இப்படி வந்து சேர்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஆண்டு பொரித்த இளம்பறவைகள்.

1976 முதல் ஒவ்வோர் ஆண்டும், செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும்வரை, அந்த முனையில் வேட்டைப் பறவைகளை எண்ணுகிறார்கள். முதல் ஆண்டு எண்ணியவர் பீட் டன். சற்று வடக்கே அவலான் என்ற கடற்கரை ஊரில் 1993 முதல் கடற்பறவைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு நடக்கிறது. நீர்க்காகங்கள், கேனட்டுகள், லூன்கள், ஸ்கோட்டர் வாத்துகள் என ஒரே பருவத்தில் பல லட்சம் பறவைகள் அந்தக் கரையைக் கடக்கின்றன.

ஸ்கோட்டர்கள் அலைக்குச் சற்று மேலே நீண்ட கரிய வரிசைகளாகப் போகும். ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவாலேயே மீதி வரிசையை அளக்கிறார்கள். கேப் மேயில் சிக்கல் வேறு. கடக்கத் தயங்கிய வல்லூறு திரும்பிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரும். அதை இரண்டாவது பறவையாகக் கணக்கில் சேர்த்துவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எண்ணுபவரின் நேர்மையைத் தவிர அங்கே வேறு காவல் இல்லை.

இவ்வளவு கவனமாக எழுதி வைத்த எண், அன்று மாலை என்ன சொல்கிறது? பெரும்பாலும் அன்றைய காற்றைப் பற்றித்தான். தென்காற்று வீசினால் வானம் வெறிச்சோடும். திசை மாறினால் மறுநாளே நிறையும். ஒரு நாள் எண்ணுக்கு மட்டுமல்ல, ஓர் ஆண்டின் கூட்டுத்தொகைக்கும் தனியாக மதிப்புக் குறைவு. பயன் எப்போது வரும், யாருக்கு வரும், வருமா என்று தெரியாத வேலைக்கு ஒரு மனிதர் தன் முழுக் கவனத்தையும் கொடுக்க முடியுமா? கொடுக்கத்தான் வேண்டுமா?

பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டனில் நடந்தது இதற்கு நேரான பதில். அந்த மலைமுகட்டைக் கடக்கும் பருந்துகளை ஆட்கள் வரிசையாக நின்று சுட்டுத் தள்ளிய காலம். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, சுடுபவர்களைத் தடுக்க மாரிஸ் புரூனைக் காவலராக அமர்த்தினார். காவல்தான் வேலை என்றாலும், புரூன் பறவைகளை எண்ணவும் செய்தார். கழுகு என்றால் வெறுமனே கழுகு என்று எழுதாமல், முதிர்ந்ததா இளையதா என்றும் குறித்தார்.

இந்தச் சிறு குறிப்பில்தான் எல்லாமே இருந்தது. வெண்தலைக் கழுகுக்குத் தலை முழுதாக வெளுக்கச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். அது இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே கூடுகளில் குஞ்சு பொரிப்பது நின்றுபோனாலும், வானத்தில் பெரிய கழுகுகள் பல ஆண்டுகள் பறந்துகொண்டுதான் இருக்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு ஆபத்து தாமதமாகவே தெரிந்திருக்கும். புரூனின் கணக்கிலோ 1935 முதல் 1939 வரை கண்ட கழுகுகளில் 40 சதவீதம் இளையவை. 1955 முதல் 1959 வரை அது 20 சதவீதம். 1957-ல் முதிர்ந்த கழுகுகள் 32-க்கு இளையது ஒன்றே ஒன்று.

ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில், டிடிடிக்கு எதிரான வாதத்தில் இந்த எண்களை எடுத்து வைத்தார். அந்தப் பூச்சிக்கொல்லி முட்டையோட்டை மெலிய வைக்கிறது என்பது பின்னர் உறுதியானது. 1972-ல் அமெரிக்காவில் டிடிடி தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் ஒரே ஒரு கழுகுக் கூடு மட்டும் எஞ்சியிருந்த நியூ ஜெர்சியில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட இணைகள் கூடு கட்டுகின்றன.

1935-ல் எழுதியபோது புரூனுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அப்போது டிடிடி வயல்களுக்கு வந்திருக்கவே இல்லை. எதை நிரூபிக்க என்று தெரியாமல் எழுதியதால்தான் அந்தக் கணக்குக்கு அவ்வளவு நம்பகம். முன்முடிவோடு எண்ணுபவரின் கண் தனக்கு வேண்டியதைத்தான் அதிகம் காணும். வானம் வெறிச்சோடிய நாளின் சுழியத்துக்கும் இதே மரியாதை உண்டு. நல்ல நாட்களை மட்டும் எழுதினால், பறவை குறைந்ததா, எழுதுபவர் வராமல் போனாரா என்று பின்னால் வருபவர் எப்படிப் பிரித்தறிவார்?

இப்போது கேப் மேயில் குறைந்து வருவது கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவை. வயல்வெளிகள் சுருங்கியதா, கூடு வைக்கும் பொந்து மரங்கள் போனதா, பூச்சிகள் அருகியதா, பெரிய வல்லூறுகள் பெருகியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆணுக்குச் சாம்பல்நீலச் சிறகு, பெண்ணுக்குச் செம்பழுப்பு, பறக்கும்போதே பிரித்தறியலாம். புரூனின் அனுபவத்துக்குப் பிறகு, முடிகிற இடத்தில் அதையும் ஒரு தனிக் கட்டத்தில் குறித்து வைப்பதே நியாயம். அந்தக் கட்டம் எந்தக் கேள்விக்கு உதவும் என்று இன்றே தெரிய வேண்டியதில்லை.