ஒளி நிற்கும் இடம்

தேய்ந்த கல்லெழுத்தை, கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷால் எடுத்தால் படத்தில் கல் வரும், எழுத்து வராது. வெளிச்சம் போதாததால் அல்ல. பார்க்கிற இடத்திலிருந்தே வெளிச்சமும் புறப்படுவதால். வெட்டுக்குள் விழவேண்டிய நிழல் லென்ஸுக்குத் தெரியாத பக்கமாகப் போய்விடுகிறது. மேடும் பள்ளமும் ஒரே வெளுப்பாகிவிடுகின்றன. அதே ஃப்ளாஷைக் கழற்றி, பாறையின் முகத்தை உரசுகிற மாதிரி 10, 15 டிகிரி சாய்வில் பக்கத்திலிருந்து அடித்தால், மழையும் காற்றும் தின்று மிச்சம் வைத்த கோடு எழுந்து நிற்கும்.

மதுரையில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், கல்வெட்டு படிக்கும் பெரியவர் ஒருவரோடு மேலூர்ப் பக்கத்து மலைகளில் ஏறுவேன். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்கள் அவை. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வராமல் வழிய வெட்டிய காடியும், அதையொட்டித் தமிழி என்கிற பழைய தமிழ்-பிராமி எழுத்தும் இருக்கும். வீட்டு வழியில் நான் சைவன். மாதந்தோறும் சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். அந்த வகுப்பில் எனக்கு வெகுகாலமாகச் செரிக்காத பாடம் ஒன்று உண்டு. இறைவனின் ஐந்தொழிலில் ஒன்று மறைத்தல். படைக்கிறான், காக்கிறான், அழிக்கிறான், அருள்கிறான், சரி. காட்ட வல்லவன் எதற்காக மறைக்கவேண்டும்? மறைப்பதையும் அருளின் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

வகுப்பெடுக்கும் அம்மா சொல்லும் விடை நூல்வழிப்பட்டது. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவ மலம் பக்குவப்பட்டுக் கழலும்வரை, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு, உயிரை உலக அனுபவத்தில் நடத்துகிறான். அந்த மறைப்பின் பெயர் திரோதானம். நோக்கம் அருள் என்பதால் அதுவும் அருளே. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் விடை. ஆனாலும் மனம் அதில் நிற்கவில்லை. நின்ற இடம் குகைதான். அதைச் சொல்லவேண்டுமானால் ஃப்ளாஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எந்த ஃப்ளாஷ் வாங்கலாம் என்று கேட்கும்போது பெட்டியில் அச்சிட்ட, ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பரைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 60 என்று போட்டிருக்கும். ஃப்ளாஷ் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமுக்கு ஒடுக்கி அளந்த எண் அது. அகலமாக விரித்தால் அவ்வளவு வராது. கல்லுக்கு அந்தப் பலம் பெரும்பாலும் தேவையுமில்லை. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், பாதியானால் நாலு மடங்காகும் என்பதால், குகைக்குள் 1/16 பவரே தாராளம். வெட்டவெளியில் நிற்கும் நடுகல்லுக்குத்தான் முழுப் பலம் வேண்டும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 விநாடி, எஃப் 16 என்று வைத்தால் வெயில் ஒரு படி அடங்கும். கல்லின்மேல் கறுப்புக் குடை பிடித்தால் இன்னும் அடங்கும். பிறகு ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் சிறிய ஃப்ளாஷ் சூரியனை மீறிப் பேசும். நான் பார்த்து வாங்கச் சொல்வது வேறு: பவரைக் கையால் 1/128 வரை இறக்க முடிகிறதா, ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறதா, கிராமத்துக் கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடுமா. தானாகவே அளந்து அடிக்கும் டி.டி.எல். கல்யாண மண்டபத்தில் கைகொடுக்கும். கல்லுக்கு வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் அது வேறு வேறு அளவை முடிவுசெய்துவிடும். இரண்டு படத்தை ஒப்பிட முடியாது.

தள்ளி நிற்கும் ஃப்ளாஷுக்கு எப்படிச் சேதி சொல்வது என்பது அடுத்த பாடு. கம்பி இழுக்கலாம், பாறையில் கால் தடுக்கும். பழைய ஃப்ளாஷ் சிலவற்றில் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். அளந்து பார்க்காமல் டிஜிட்டல் கேமராவில் மாட்டக்கூடாது. ஒளியைக் கண்டு அடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் குகைக்குள் நன்றாகவே வேலைசெய்யும், வெளியே வெயிலில் குருடாகிவிடும். கல்யாணக் கூட்டத்திலோ யார் ஃப்ளாஷ் அடித்தாலும் அதற்கெல்லாம் கூடவே அடிக்கும். ஆகவே ரேடியோ. 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிற ட்ரிக்கர், பாறையின் மறுபக்கம் வைத்த ஃப்ளாஷையும் எழுப்பிவிடுகிறது.

எல்லாம் சரியாக இருந்தும் ஷட்டர் ஒத்துழைக்கவேண்டும். ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை முழுதும் விலகி, இரண்டாம் திரை மூடத் தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சிறு இடைவெளியில் ஃப்ளாஷ் அடித்தால்தான் படம் முழுக்க ஒளி. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 விநாடிதான் அதற்கு எல்லை. 1/500 வைத்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்: படத்தின் ஒரு பகுதி கரும்பட்டையாக மூடியிருக்கும். கல்லின்மேல் ஒளி எங்கும் ஒரேமாதிரிதான் விழுந்தது. திறந்திருந்த இடம் வாங்கிக்கொண்டது. வகுப்பில் படிக்கும் சித்தாந்த நூலான திருவருட்பயனில் உமாபதி சிவம் ஆந்தையின் கண்ணைச் சொல்லும் இடத்தை நான் இப்படித்தான் படித்தேன். பகல் ஒளி அதற்கும் குறைவில்லாமல்தான் கிடைக்கிறது. அதன் கண்ணுக்கு அதுவே இருட்டு.

அந்த நூலிலேயே இன்னொரு கருத்து என்னை வெகுவாகப் பிடித்துக்கொண்டது. வெளி இருட்டு பொருளை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்கிறார். கேமரா தலையிலிருந்து அடித்த படம் அப்படிப்பட்டது. இருண்ட படத்தைப் பார்க்கிறவன் ஒன்றும் தெரியவில்லை என்று அறிவான். நேரே அடித்த படம் பளிச்சென்று இருக்கும். கல்லின் நிறமும் மணியும் தெளிவாகத் தெரியும். அதில் ஓர் எழுத்து இருந்தது, போய்விட்டது என்ற சந்தேகமே எழாது. தான் நிற்கும் இடத்தையே விளக்காக வைத்துப் பார்க்கிறவனுக்கு உலகம் தட்டையாகத்தான் தெரியும், அது தட்டை என்பதும் தெரியாது. உயிர் தானாக ஒளிரும் பொருளன்று, சார்ந்ததன் வண்ணமாகும் பொருள் என்று சித்தாந்தம் சொல்வதை நான் கேமராவிலிருந்து ஃப்ளாஷைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி நிழல். பக்கத்திலிருந்து அடிக்கும்போது எழுத்து தெரிகிறதே, அது எதனால் தெரிகிறது? வெட்டின் ஒரு கரையில் ஒளி படுகிறது. மறுகரை ஒளிக்கு மறைந்துபோகிறது. அந்த மறைந்த கரைதான் கறுப்புக் கோடாகி எழுத்தாகிறது. ஒளி பட்ட இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அதைப் படிக்க முடியாது. ஒருமுறை வெள்ளைத் துணியைக் கூடாரம்போலச் சுற்றிக் கட்டி, நாலாபுறமிருந்தும் ஒரே அளவாக ஒளி விடச் செய்தேன். நிழலே இல்லை. பாறையின் பாசியும் காவிக்கறையும் அழகாக வந்தன. எழுத்து வரவில்லை. எங்கும் நிறைந்த ஒளி எதையும் எடுத்துக் காட்டவில்லை. எங்கும் நிறைந்தவன் காட்ட நினைத்தால் ஓரிடத்தில் மறைத்தே காட்டவேண்டும். மறைத்தல் ஐந்தொழிலில் ஏன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. மறைப்பு, காட்டுவதற்கு முன்னால் கடந்துபோகவேண்டிய ஒரு தண்டனைக்காலம் என்று நினைத்திருந்தேன். காட்டுவதன் உள்ளேயே அது வேலைசெய்கிறது.

வகுப்பெடுக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு முடிச்சைப் போட்டார். "தம்பி, உங்க நிழல் பொய்யும் சொல்லுமே. இறைவன் மறைக்கிறது பொய் சொல்றதுக்கில்லையே."

நியாயமான தடை. வெடிப்பு ஒன்று குறிப்பிட்ட கோணத்தில் எழுத்தின் காலாகிவிடும். இன்னும் விசித்திரம், ஒளியைக் கீழிருந்து அடித்தால் குழிந்த எழுத்து புடைத்த எழுத்தாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம் கண் பழகியிருப்பதால் வரும் மயக்கம் அது. பெரியவர் இதில் கறார். என் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடு இடப்பக்க வெளிச்சத்துல மட்டும்தான் வருதா தம்பி? அப்ப அது எழுத்தில்ல, விடுங்க" என்பார்.

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 2001இல் எச்.பி. ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் என்பவர் வகுத்த வழியிலிருந்து வளர்ந்தது. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஃப்ளாஷை மட்டும் கல்லைச் சுற்றி அரைக்கோளமாக நகர்த்தி, ஐம்பது அறுபது படம் எடுக்கவேண்டும். தூரம் மாறாமலிருக்க ஃப்ளாஷில் நூல் கட்டிக் கல்லின் நடுவரைக்கும் பிடித்து அளந்து, எடுக்கும்போது நூலை விலக்கிவிடுவோம். கல்லின் ஓரத்தில், சட்டத்துக்குள் விழும்படி, பளபளக்கும் கறுப்பு உருண்டைகள் இரண்டு. ஒவ்வொரு படத்திலும் ஃப்ளாஷ் எங்கே நின்றது என்பதை உருண்டையின்மேல் விழுந்த வெள்ளைப்புள்ளி சொல்லிவிடும். அதைக்கொண்டு மென்பொருள் கணக்கிட்டுத் தந்தபிறகு, கணினித் திரையில் ஒளியை வேண்டிய பக்கம் திருப்பிப் படிக்கலாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிழல் மாறும், வெட்டு மாறாது.

அம்மாவுக்கு என் பதில் அந்தக் கறுப்பு உருண்டை. நிழல் பொய் சொல்வதில்லை. வெடிப்பின் நிழல் வெடிப்புக்கு உண்மையான நிழல்தான். திரிபு அதைப் படிக்கிற என்னிடம். ஆனால் ஒளி எங்கே நின்றது என்பதைச் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டுகிறவன், பார்க்கிறவனைத் திரிபுக்குள் தள்ளுகிறான். சமயம் பேசுகிறவர்களிடமும் நான் இதைத்தான் கேட்கிறேன். நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கட்டும். எந்தப் பக்கத்து ஒளியில் கண்டீர்கள் என்பதையும் கூடவே வையுங்கள்.

நான் கண்டதும் சைவத்தின் பக்கத்திலிருந்து. நான் நிற்கும் குகையோ சமணருடையது. மாங்குளத்தில் முனிவர் தங்கும் பள்ளி வெட்டுவித்தவன் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி. அதைக் கொடையாகப் பெற்றவர் கணி நந்தாசிரியர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். அந்த முனிவரின் மரபு, அறிவொளி உயிரின் சொந்த இயல்பு என்கிறது. வினை அதை மூடியிருக்கிறது. மறைப்பவன் என்று ஒருவன் இல்லை. தவத்தால் மூடியை உதிர்க்கவேண்டும், அவ்வளவே. அதே மரபுதான், பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு நிலையில் நின்று சொல்வது ஒரு பக்கத்தை மட்டுமே சொல்லும் என்ற அநேகாந்தத்தையும் பின்னாளில் விரித்தெழுதியது. அருணந்தி சிவம் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் இவர்களை மறுத்து வாதிடுகிறது. முதல் கொள்கையில் நான் அருணந்தி சிவத்தோடுதான் நிற்கிறேன்; ஒளி எனக்கு வெளியே நின்றால்தான் எழுத்து வருகிறது என்பதை என் கை அறியும். இரண்டாவதில் முனிவர்களை மறுக்க என்னிடம் எதுவுமில்லை. ஃப்ளாஷை நகர்த்தி நகர்த்தி நான் செய்துகொண்டிருப்பதே அதுதான்.

அந்த எழுத்துகளின் கதையிலேயும் மறைப்பு இருக்கிறது. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் செவெல் 1882இல் கண்டார். இந்தக் குகை எழுத்துகளின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துச் சொல்ல 40 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒளி பட்டது, எழுத்தும் தெரிந்தது, சொல் மறைந்தே நின்றது.

இவ்வளவும் சொன்னபிறகு ஓரிடத்தில் நான் நின்றுவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்கும் போட்டோகிராபரைக் கூப்பிடுவார்கள். இறந்தவரை உட்காரவைத்து, சுற்றிலும் சொந்தம் நிற்க, கடைசிப் படம். அங்கே நான் ஃப்ளாஷின் தலையைப் பின்னால் வெள்ளைச் சுவருக்குத் திருப்பிவிடுவேன். சுவரில் பட்டுப் பரவிவரும் ஒளியில் முகத்தில் நிழல் தங்காது, அழுத கண்ணின் குழி தெரியாது. படம் தட்டையாக வரும், வரட்டும். பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு தாயிடம், மறைப்பும் அருள்தான் அம்மா, நிழலில்தான் எழுத்து தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வரவும் கூடாது. கல்லில் கண்ட விளக்கம் என் சொந்த இருட்டுக்கு மட்டும் போதும் என்று வைத்திருக்கிறேன்.

வகுப்பெடுக்கும் அம்மா இதை ஒப்பவில்லை. "உண்மைன்னா எல்லாருக்கும் உண்மைதானே தம்பி? உங்களுக்கு மட்டும்னா அது ஆறுதல், சித்தாந்தம் இல்ல."

உண்மை எல்லாருக்கும் பொதுதான் என்றேன். குகையில் ஒளியை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவன் நான். என் நிழலுக்கு நான் பொறுப்பு, வேண்டாமென்றால் நகர்த்திவிடலாம். அந்த வீட்டில் ஒளியை நிறுத்தியவன் நான் அல்ல, நகர்த்தவும் என்னால் முடியாது. முடியாதவன் விளக்கம் சொல்லக்கூடாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அடுத்த மாதம் திருவருட்பயனின் நான்காம் அதிகாரம், அருளது நிலை தொடங்குகிறோம், அங்கே இதைத் திரும்ப எடுங்கள் என்றார்.