வீடு தருவதும் வேள்வியே



இல்லறத்தில் வாழ்பவன் நாள்தோறும் ஐந்து வேள்விகளைச் செய்ய வேண்டும் என்று நமது சாஸ்திரங்கள் விதித்துள்ளன. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் மனிதர்களுக்கும் பிற உயிர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டவையே பஞ்ச மகா யஜ்ஞங்கள். விளக்கேற்றி வழிபடுதல், சாஸ்திரம் ஓதுதல், நீத்தார் கடன், விருந்தோம்பல், காக்கைக்கும் பசுவுக்கும் உணவிடுதல் ஆகிய இவை யாவும் எளிய செயல்களே. ஏழையும் இவற்றைச் செய்ய முடியும்.

ஆனால் இந்த ஐந்துக்கும் பொதுவான ஓர் அடிப்படை தேவைப்படுகிறது. அதுதான் வீடு. வீடு இல்லாதவன் எந்த மாடத்தில் விளக்கேற்றுவான்? எந்தத் திண்ணையில் விருந்தினரை அமர்த்துவான்? தன் குழந்தைக்கு எங்கே பாடம் சொல்லித் தருவான்? வீட்டை இழந்த குடும்பம் கூரையை மட்டும் இழக்கவில்லை. அறம் செய்யும் வாய்ப்பையும் அது இழந்து நிற்கிறது. ஏற்பதைத் தவிர வேறு வழியின்றி, கொடுக்கும் உரிமை பறிக்கப்பட்டு நிற்கிறது. இதை உணர்ந்தால்தான் வீடற்றோருக்குச் செய்யும் சேவையின் ஆழம் நமக்கு விளங்கும்.

துறவும் இழப்பும்

'நிலையான இருப்பிடம் இல்லாமை உயர்ந்த நிலை அல்லவா? கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் பக்தனின் லட்சணங்களில் ஒன்றாக அதைக் கூறுகிறதே!' என்று சிலர் கேட்கலாம். பகவான் அங்கே கூறுவது பற்றற்ற மனத்தைப் பற்றி. துறவி வீட்டைத் தானே விட்டு வெளியேறுகிறான். அவன் விட்டது ஒரு வீட்டை. பெற்றதோ உலகம் முழுவதையும். மேம்பாலத்தின் அடியில் கைக்குழந்தையுடன் படுத்திருக்கும் தாய் எதையும் துறக்கவில்லை. அவளிடமிருந்து எல்லாம் பறிபோயிருக்கின்றன. துறவும் இழப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலத் தெரியலாம். உள்ளே ஒன்று சுதந்திரம், மற்றது சிறை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் வீடற்றோர் தனியாகக் கணக்கிடப்பட்டனர். நடைபாதைகள், ரயில் நிலையங்கள், கோயில் மண்டபங்கள், பாலங்களின் அடிப்பகுதி, பெரிய குழாய்கள் ஆகியவற்றில் அன்று உறங்கியவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தனர். 'தரித்திர நாராயணர்' என்று சுவாமி விவேகானந்தர் எவரை வணங்கச் சொன்னாரோ, அந்த நாராயணர்களே அவர்கள்.

ஏகசக்ர நகரத்து விருந்தினர்

வீடிழந்த ஒரு குடும்பத்தின் கதையை மகாபாரதம் நமக்குச் சொல்கிறது. வாரணாவதத்தில் அரக்கு மாளிகை எரிந்தது. விதவைத் தாய் ஒருத்தி தன் ஐந்து பிள்ளைகளுடன் உயிர் தப்பிக் காட்டில் அலைந்தாள். அரச குலத்தில் பிறந்தவர்கள் மரவுரி தரித்து, அடையாளத்தை மறைத்து, அடுத்த இரவை எங்கே கழிப்பது என்று தெரியாமல் திரிந்தார்கள். அப்போது வியாச பகவான் வந்தார். அவர் ஆறுதல் சொன்னதோடு நின்றுவிடவில்லை. அவர்களை ஏகசக்ர நகரத்துக்குத் தாமே அழைத்துச் சென்று, ஓர் அந்தணரின் வீட்டில் தங்க வைத்தார். தாம் திரும்பி வரும்வரை அங்கே காத்திருக்குமாறு கூறிச் சென்றார்.

அந்த வீட்டுக்காரர் செல்வந்தர் அல்லர். தம் வீட்டில் இடம் கொடுத்தார், மரியாதை கொடுத்தார். வந்தவர்களின் பூர்வீகத்தைத் துருவிக் கேட்கவில்லை. பிள்ளைகள் பிச்சையெடுத்து வந்த உணவைக் குந்தி பங்கிட்டுக் கொடுத்தாள். இவ்வாறு நாட்கள் கழிந்தன.

ஒரு நாள் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது. பகாசுரனுக்கு உணவாக ஓர் ஆளை அனுப்பும் முறை அந்தக் குடும்பத்துக்கு வந்திருந்தது. தந்தை, தாய், மகள் என்று ஒவ்வொருவரும் 'நான் போகிறேன்' என்றார்கள். குந்தி உள்ளே சென்றாள். 'எனக்கு ஐந்து பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் போகட்டும்' என்றாள். விருந்தினரைப் பலி கொடுத்துத் தாம் பிழைக்க அந்த அந்தணர் சம்மதிக்கவில்லை. குந்தி வற்புறுத்தி அவரை இசைய வைத்தாள். பீமன் சென்றான், பகன் மாண்டான், ஊரே பிழைத்தது.

இந்தக் கதையில் பீமனின் வலிமையை நாம் ரசிக்கிறோம். குந்தியின் தர்மத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இடம் கொடுத்தவர் குடும்பத்துக்குத் தான் பட்ட கடனை அவள் மறக்கவில்லை. கையேந்தி வாழ்ந்த நாளிலும் கொடுக்கும் இயல்பு அவளை விட்டு அகலவில்லை. தங்குமிடத்தின் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு குந்தி இருக்கிறாள், ஒரு பீமன் இருக்கிறான். அவர்களை வெறும் 'பயனாளிகள்' என்று பார்ப்பவன் பாதி உண்மையைக் கூடப் பார்க்கவில்லை.

வியாசர் சொன்னபடியே திரும்பி வந்தார். இனி எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டிப் பாஞ்சாலத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து விரிந்த வழி இந்திரப்பிரஸ்தத்தில் போய் முடிந்தது. ஏகசக்ரம் அவர்களுக்குத் தங்குமிடம். இந்திரப்பிரஸ்தம் அவர்களுக்கு வீடு. முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. ஆனால் முதலாவதே முடிவும் அன்று.

பாயும் போர்வையும் போதுமா?

உலக நடைமுறையிலும் இதே உண்மையைக் காண்கிறோம். 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெல்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் படும் துன்பம் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற அளவில், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் இயங்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடத் திட்டம் உருவாயிற்று. பல ஊர்களில் இத்தகைய இல்லங்களைத் தன்னார்வத் தொண்டர்களின் துணையுடன் சேவை அமைப்புகள் நடத்தி வருகின்றன.

அங்கே சேவை செய்பவர்கள் அறிந்த ஓர் உண்மை உண்டு. உணவு தருவது எளிது. போர்வை தருவது அதனினும் எளிது. ஒரு குடும்பம் சொந்தக் கதவைப் பூட்டித் திறக்கும் நிலைக்கு வருவதுதான் கடினம். பெரும்பாலான தங்குமிடங்கள் ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் அமைந்தவை. குடும்பமாக வந்தவர்கள் பிரிய வேண்டியிருக்கிறது. பிரிய மனமில்லாதவர்கள் மீண்டும் நடைபாதைக்கே போய்விடுகிறார்கள். கணவன் கூலி வேலை செய்கிறான். மாத வாடகையைக் கூட எப்படியோ கொடுத்துவிடுவான். ஆனால் பல மாத வாடகையை முன்பணமாக ஒரே தவணையில் எங்கிருந்து கொடுப்பான்? முகவரிச் சான்று இல்லாமல் குடும்ப அட்டை இல்லை; வீடு இல்லாமல் முகவரிச் சான்று இல்லை. இந்தச் சக்கரத்தை அவன் தனியாக உடைக்க முடியாது.

உடைக்க வழிகள் இருக்கின்றன. ஆவணம் ஏதும் இல்லாதவர், அங்கீகாரம் பெற்ற அறிமுகதாரர் ஒருவர் மூலம் ஆதாருக்குப் பதிவு செய்துகொள்ள விதி இடம் தந்துள்ளது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வீடற்றவரும் வாக்காளர் ஆகலாம். அவர் குறிப்பிட்ட இடத்தில்தான் உறங்குகிறாரா என்று தேர்தல் அலுவலர் இரவில் நேரில் சென்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் இந்த விதிகளை அறிந்து, விண்ணப்பத்தை நிரப்பி, அலுவலக வரிசையில் உடன் நின்று, முதல் நாள் நடக்காவிட்டால் மறுநாளும் வர ஒருவர் வேண்டும். வியாசர் திரும்பி வந்தாரே, அப்படித் திரும்பி வரும் ஒருவர் வேண்டும்.

அன்னதானத்தன்று கரண்டி பிடிக்க நம்மில் நூறு பேர் வருகிறோம். அது நல்லது. ஆனால் அலுவலக வாசலில் மூன்றாம் முறை போய் நிற்கும் சேவையில் கைதட்டல் இல்லை, புகைப்படம் இல்லை, மனம் நெகிழும் காட்சியும் இல்லை. பலனை எதிர்பாராத கர்மம் என்று கீதை எதைச் சொல்கிறதோ, அதைப் பயில இதைவிடச் சிறந்த பள்ளி எங்கே கிடைக்கும்? வீடு கிடைத்த குடும்பம் தங்குமிடத்தை விட்டுச் சென்றுவிடும். பிறகு நம்மை நினைக்காமலும் போகலாம். நம்முடைய உதவி தேவைப்படாத நிலைக்கு அவர்கள் உயர்ந்தார்கள் என்பதே அந்தச் சேவையின் பலன். 'என்னால் வாழ்ந்தார்கள்' என்ற எண்ணம் எழுமானால், கொடுத்ததை அகங்காரம் திரும்ப வாங்கிக்கொண்டது என்றே பொருள்.

கர்ம பலன் என்னும் சாக்கு

'அது அவர்கள் கர்மம்' என்று சொல்லி ஒதுங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. கர்ம நியதி உண்மையே. ஆனால் சாஸ்திரம் அதை எதற்காகச் சொன்னது? என் துன்பத்துக்குப் பிறரைப் பழிக்காமல் நான் பொறுப்பேற்று நிமிர்வதற்காகச் சொன்னது. பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை அது நமக்குத் தரவில்லை. ஒருவன் நம் வாசலில் வந்து நிற்பது அவனுடைய கர்மம் என்றால், அவனுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பது நம்முடைய கர்மம். கணக்கில் எழுதப்படுவது அதுதான்.

வராக நகர் மடத்தின் வாடகை

ஸ்ரீராமகிருஷ்ணர் 1886-ஆம் ஆண்டு மகாசமாதி அடைந்தார். காசிப்பூர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இளம் சீடர்கள் பலருக்குப் போக இடமில்லை. அந்த நிலையில் சுரேந்திரநாத் மித்ரர் என்ற இல்லறச் சீடர் முன்வந்தார். வராக நகரில் ஒரு பாழடைந்த வீட்டை அமர்த்தி அதன் வாடகையைக் கொடுத்தார். அந்த வீட்டில் பட்டினியும் தவமுமாக வாழ்ந்தவர்களே பின்னர் உலகம் போற்றிய துறவியர் ஆனார்கள். ஒரு பெரும் துறவியர் சங்கம் ஓர் இல்லறத்தார் கொடுத்த வீட்டு வாடகையில் வேரூன்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். வாடகை கொடுப்பது லௌகிகம் என்று இனி எவர் சொல்ல முடியும்?

இங்கே இந்த இதழின் வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுபவர்கள். தங்குமிடத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு தேடி வந்தால் நமது பதில் என்ன? சேவைக்கு நன்கொடை கொடுக்கும் அதே கை, அந்தக் குடும்பத்தின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதில்லையா? வீடு நாடி வந்த எவரையும் திருப்பி அனுப்பாதிருப்பதை ஒரு விரதமாகவே தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி விதிக்கிறது. இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நியாயமான வாடகைக்கு, முன்பணத்தைச் சிறு தவணைகளில் பெற்றுக்கொண்டு, ஒரு குடும்பத்தை நம்பினால் போதும். வீடு இல்லாதவர்கள் முன்பணத்தில் ஒரு பங்கையாவது ஏற்கலாம். பொருள் இல்லாதவர்கள் மாதம் ஒரு நாள் ஒரு குடும்பத்துக்குத் துணையாக அலுவலகத்துக்குச் செல்லலாம். உங்கள் ஊரில் தங்குமிடம் எங்கே இருக்கிறது என்பதை இந்த வாரத்திலேயே விசாரித்து அறியலாம்.

அப்படிக் குடியேறிய ஒரு குடும்பம் ஒரு நாள் மாலையில் விளக்கேற்றும். வாசலில் ஒருவர் தாகத்துடன் வந்து நிற்பார். அந்த வீட்டுத் தாய் உள்ளே சென்று ஒரு குவளை நீர் கொண்டு வந்து தருவாள். நெடுநாள் தடைப்பட்டிருந்த மனுஷ்ய யஜ்ஞம் அந்த வீட்டில் மீண்டும் தொடங்கிவிட்டது. அதற்கு வழி செய்தவர்கள் ஒரு வேள்விச் சாலையையே எழுப்பியவர்கள் ஆவார்கள்.

எல்லா உயிர்களுக்கும் புகலிடமாக விளங்கும் இறைவன், நம் இல்லங்களின் கதவுகளையும் இதயங்களின் கதவுகளையும் ஒருங்கே திறந்தருள்வானாக!