முன்னவர் இட்ட முடிச்சுகள்

தலைநகருக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மவருள் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்து பழகியோர் பலர். ராமகிருஷ்ணபுரத்தில் வீடு ஒதுக்கப்பெற்று உள்ளே நுழைந்தால், முன்பு குடியிருந்தோர் அறைந்த ஆணிகள் சுவரெங்கும் நம்மை வரவேற்கும். இந்த இடத்தில் இத்துணைப் பெரிய ஆணி எதற்கு என்று சலித்துக்கொண்டே பிடுங்குவோம். ஆணியோடு கையகலக் காரையும் பெயர்ந்து வரும். பிறர் விட்டுச் சென்றதை ஏற்று நடத்துவோனுக்கு உரிய அறம் யாது? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

நாம் பணியாற்றும் அலுவலகத்தில், ஓய்வுபெறுவோர் பட்டியலை ஆண்டுதோறும் ஆயத்தம் செய்யும் கணிப்பொறி நிரல் ஒன்று உண்டு. அதை எழுதியவர் என்றோ பணி நிறைவு பெற்றுச் சென்றுவிட்டார். விளக்கக் குறிப்பு ஒரு வரியும் இல்லை. வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்ற நமக்குக் கணிப்பொறியில் சிறிது பழக்கம் உண்டு என்ற ஒரே காரணத்தால் அது நம் தலையில் வந்து விழுந்தது.

திறந்து பார்த்தோம், தலை சுற்றியது. பிறந்த தேதியோடு முதலில் 58 ஆண்டுகளைக் கூட்டுகிறது. பல வரிகளுக்கு அப்பால் மேலும் 2 ஆண்டுகளைக் கூட்டுகிறது. நேராக 60 என்று எழுதினால் ஆகாதா? வேறோரிடத்தில், ஒருவர் மாதத்தின் முதல் தேதியில் பிறந்திருந்தால் ஒரு மாதத்தைக் கழிக்கிறது. இதென்ன கிறுக்கு என்று இரண்டையும் திருத்தினோம். எழுதியவரைப் பற்றி ஏளனமாக நாலு சொல்லும் சொன்னோம்.

அவ்வாண்டுப் பட்டியலைக் கண்ட மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நம் மேசைக்கு வந்தார். "தம்பி, நான் ஜூலை முதல் தேதி பிறந்தவன். ஜூன் 30ஆம் தேதியே போகவேண்டியவனுக்கு ஜூலைக் கடைசி என்று போட்டிருக்கிறீர்களே!" என்றார். மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் இறுதி நாளில் ஓய்வுபெறுவார் என்பது மத்திய அரசின் அடிப்படை விதி 56. நாம் வெட்டியெறிந்தது கிறுக்கு அன்று, சட்டம்! 58ஐயும் 2ஐயும் தனித்தனியே கூட்டியதோ, 1998இல் ஓய்வு வயது 60 ஆக உயர்ந்தபோது அவசரத்தில் போட்ட ஒட்டு. அதை நீக்கியதில் பிழையில்லை. ஆனால் ஒட்டு எது, விதி எது என்று பார்வையால் பிரித்தறிய இயலவில்லை. இரண்டும் ஒருபோல் அழுக்காகவே கிடந்தன.

முன்னவர் செய்தது நமக்கு விளங்கவில்லை என்பதால் மட்டும் அவர் அறிவிலி ஆகிவிடமாட்டார் என்பது நாம் கற்ற முதற்பாடம். 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகையே கலக்கிய சிக்கலை நினைவுகூர்க. ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கங்களை இட்ட பழைய நிரலாளரைப் பலரும் பழித்தனர். அவர்களோ 80 பத்திகளே கொண்ட துளையட்டைகளில் பணிசெய்தவர்கள்; ஒவ்வோர் இலக்கத்தையும் செட்டாகச் செலவிட்டவர்கள். தம் நிரல்கள் நூற்றாண்டின் இறுதிவரை உயிரோடிருக்கும் என்று அவர்களுள் பலர் எண்ணவில்லை. அவற்றை வரிவரியாகத் திருத்த அயல்நாட்டு நிறுவனங்களுக்கு உழைத்தோருள் நம் இல்லத்துப் பிள்ளைகளும் இருந்தனர் அன்றோ?

அங்ஙனமாயின், பழையதை அப்படியே தொழுதுகொண்டிருக்க வேண்டுமா எனின், அதுவும் அன்று. நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. 1988இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான குறியீட்டு அமைப்பு ஒன்றை வகுத்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியும் அதையே பின்பற்றிற்று. ஆதலின் கணிப்பொறியில் நம் எழுத்துகள் வடபுல முறையில் நிற்கின்றன: நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம். நமக்கில்லாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. இது நமக்குக் குறையே. ஆயினும் ஓர் எழுத்துக்கு ஒருமுறை அளித்த இடத்தை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிமொழி. மாற்றினால் அதுவரை எழுதப்பட்டவை யாவும் குழம்பும். எனவே அடித்தளத்தைப் பெயர்க்காமல், அகரவரிசைக்கெனத் தனி விதிகளை அதன்மேல் அமைத்துக்கொண்டனர். பழையதை நம்பி எழுதியோருக்குத் தீங்கு செய்யாமல் திருத்துவது எங்ஙனம் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆக, முன்னவர்பால் பொறுமையும், இன்று அதனை நம்பியிருப்போர்பால் அச்சமும் வேண்டும். இவ்விரண்டும் போதுமா? பின்வருவோர்க்கு நாம் செய்யவேண்டுவது ஒன்று உண்டு: காரணத்தை எழுதி வைத்தல். நாம் நீக்கிய வரியை மீண்டும் சேர்த்து, அருகில், "அடிப்படை விதி 56, நீக்கற்க" என்று ஒரு குறிப்பும் இட்டோம். முன்னவர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நாமும் இடறியிரோம், அவரை ஏசியுமிரோம்.

தில்லியில் பிறந்து வளரும் நம் குழந்தைகள், வாசலில் ஏன் கோலம், வடக்கே ஏன் தலைவைத்துப் படுக்கலாகாது என்று கேட்கின்றனர். "அதெல்லாம் அப்படித்தான்" என்று வாயடைக்கின்றோம். காரணம் தெரிந்தவற்றுக்குக் காரணம் சொல்வோம். தெரியாதவற்றை ஊரிலுள்ள பெரியோரிடம் கேட்டறிவோம். தேடியும் காரணம் கிட்டாதவற்றை அவர்கள் நீக்க விழைந்தால் சினங்கொள்ளாதிருப்போம். வாயடைக்கப்பட்ட பிள்ளை நாளை 58ஐயும் முதல் தேதியையும் ஒருசேர வெட்டியெறிந்தால், குற்றம் அப்பிள்ளையுடையது மட்டும் அன்று.