தெரிந்துகொள்வது எதற்காக?



ஐந்து மாதக் கர்ப்பிணியான ஓர் அக்கா ஸ்கேன் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "குழந்தையோட பித்தப்பை தெரியல" என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு பேச்சு. "எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்கிறார் பாட்டி. "இதையெல்லாம் முன்னாடியே ஏன் பார்க்கணும்? கடவுள் கொடுக்கிறதை ஏத்துக்க வேண்டியதுதானே" என்கிறார் மாமா. "இந்தப் பிள்ளை வேணுமா?" என்று ஒருவர் மெல்லக் கேட்கிறார்.

இதில் எது தர்மம்?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பித்தப்பை தெரியவில்லை என்றால் நோய் என்று அர்த்தமில்லை. பல நேரம் அடுத்த ஸ்கேனில் தெரிந்துவிடும். பித்தப்பையே இல்லாமல் பிறந்து நலமாக வாழ்பவர்களும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பித்தநாளத்தில் நீர்க்கட்டி தெரியும். பிறந்த பிறகு அறுவை சிகிச்சையில் அகற்றலாம். கவலைப்பட வேண்டியது பிலியரி அட்ரீசியா. பித்தநாளம் அடைபட்டு, கல்லீரல் கெட்டுப்போகும் நோய் அது. ஸ்கேனை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்த குழந்தைக்கும் அது வரலாம்.

1950களில் மோரியோ கசாய் என்ற ஜப்பானிய மருத்துவர் இதற்கு வழி கண்டார். குடலைக் கல்லீரலோடு இணைத்து, பித்தநீர் வடிய வழி செய்யும் அறுவை சிகிச்சை. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். அப்படிச் செய்தும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. நாள் கடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இப்போது பாட்டிக்கு வருவோம். கர்மா என்றால் செயல். நாமோ அதைத் தாயின் தலையில் பழி போடும் சொல்லாக்கிவிட்டோம். போன ஜென்மம் நம் கையில் இல்லை. அந்த 60 நாள் நம் கையில் இருக்கிறது. மாமாவுக்கும் அதே பதில்தான். கடவுள் கொடுத்ததை ஏற்பது என்றால் கைகட்டி நிற்பதா? கொடுத்த குழந்தையைக் காப்பதும் ஏற்பதுதானே.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. ஸ்கேன் சொன்னது ஒரு சந்தேகம், தீர்ப்பு அல்ல. சந்தேகத்தை வைத்து ஓர் உயிரின் கணக்கை முடிக்கலாமா? கூடாது என்பதே என் எண்ணம். ஆனால் வேறு கடுமையான குறைகளும் உறுதியாகி, பெற்றோர் டாக்டரோடு பேசி அழுது எடுக்கும் முடிவை வெளியில் நின்று எடைபோட நமக்கு உரிமையில்லை.

முன்கூட்டியே தெரிந்துகொள்வது பயப்படுவதற்கு அல்ல, தயாராவதற்கு. அப்படித் தயாராவதில் நமக்கும் பங்கு உண்டு. பிறந்து 14 நாள் கடந்தும் மஞ்சள் காமாலை இருந்தாலோ, மலம் வெளுத்து, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, "வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். "வாங்கக்கா, இன்னிக்கே டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லிக் கூடவே போங்கள். தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையைத் தாய்மார்களுக்குக் கொடுக்கிறார்கள். ஓர் அட்டை செய்கிற சேவையை நாம் செய்ய முடியாதா?