நாளைய விலையை அறிந்தவர் யார்?

"இன்னும் ஒரு வருஷம் பொறுப்போம், வீட்டு விலை இறங்கிவிடும்" என்பார் ஒருவர். "இன்றே வாங்கிவிட வேண்டும், நாளை எட்டாது" என்பார் மற்றொருவர். பேச்சு வேறானாலும் இருவர் உள்ளத்திலும் இருப்பது ஒரே எண்ணம்: நாளைய விலை தமக்குத் தெரியும் என்பது. இது வெறும் வியாபார யோசனைதானா, அல்லது ஈமானைத் தொடும் விஷயமா என்று சற்றே சிந்திப்போம்.

நம் சமுதாயத்தவர் பலர் பிழைக்கச் சென்ற துபாய் நகரையே எடுத்துக்கொள்வோம். 2002-ம் ஆண்டில் அங்கே குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டினரும் சொந்தமாக வீடு வாங்க வழி திறந்தது. விலை ஏறியது. அஸ்திவாரம்கூடப் போடாத கட்டிடத்தின் வரைபடத்தைப் பார்த்து, சிறு முன்பணம் கட்டி, அடுத்த தவணை வருமுன் இலாபத்துக்குக் கைமாற்றிவிட்டவர்கள் பலர். 2008-ன் பிற்பகுதியில் உலகப் பண நெருக்கடி வந்தது. ஓராண்டுக்குள் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடைசியாக வாங்கியவர்களில் பலருக்கு மிஞ்சியது தவணைப் பாக்கியும் பாதியில் நின்ற கட்டிடமுமே.

அப்படியானால் காத்திருந்தவரே புத்திசாலி என்று தோன்றலாம். அதுவும் சரியல்ல. 2011-ஐ ஒட்டி விலை அடிமட்டத்துக்கு வந்தபோது, இன்னும் இறங்கும் என்று ஒதுங்கியிருந்தவர்களும் உண்டு. 2014-ல் விலை மீண்டும் உயரத்துக்குப் போனது. இனி ஏறும் என்று நம்பி அப்போது வாங்கியவர்கள், பின்னர் ஆண்டுக்கணக்கில் அது இறங்கக் கண்டார்கள். 2020-ல் கொரோனா பரவியபோது இனி வீழ்ச்சிதான் என்றார்கள். மறு ஆண்டே விலை ஏறத் தொடங்கிவிட்டது.

இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, விலை இறங்கியதும் திரும்ப வாங்கலாம் எனத் திட்டமிடுபவரோ இரண்டு முறை சரியாகக் கணித்தாக வேண்டும். விற்கும் நாளும் தவறக்கூடாது, வாங்கும் நாளும் தவறக்கூடாது. இடைக்காலத்தில் வாடகை போகும். துபாயில் 2013 முதல் பதிவுக் கட்டணம் மட்டுமே விலையில் நூற்றுக்கு நான்கு. தரகர் கூலி வேறு.

நாளை தான் எதைச் சம்பாதிக்கும் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் நமக்கு உணர்த்துகிறது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்காமல், விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என விளக்கினார்கள். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களிடம், கைவசம் இல்லாததை விற்கவேண்டாமென்றும் தடுத்தார்கள். எழும்பாத வீட்டைக் கைக்குக் கை மாற்றியவர்களின் கதி, அந்தத் தடையிலுள்ள ஹிக்மத்தை நம் காலத்திலும் காட்டிவிட்டது.

"அப்படியானால் யோசிக்காமலே வாங்குவதா?" என்று கேட்கலாம். இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை. பத்திரத்தைச் சரிபார்ப்பதும், நாலு இடத்தில் விசாரிப்பதும், பேரம் பேசுவதும் ஆகுமானவையே. கையில் ஹலாலான பணம் சேரும்வரை, வட்டிக்கு அஞ்சிக் காத்திருப்பது ஸப்ரு. பிறர் நொடித்து வீட்டை விற்கும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பதோ வேறு. அந்தக் காத்திருப்பு நீள நீள, சகோதரனின் நஷ்டத்தை விரும்பும் நோய் உள்ளத்தில் புகுந்துவிடும்.

நல்ல யோசனை நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும்: நம் வருமானம், குடும்பத்தின் தேவை, கடன் சுமை. சூதாடும் மனமோ தெரியாததிலிருந்தே தொடங்கும்.

ஆகவே வீடு வாங்க எண்ணுவோர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: "அடுத்த வருஷம் இதன் விலை பாதியானாலும், கடனுக்கு அஞ்சாமல் இதில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா?" முடியும் என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கட்டும். முடியாதென்றால், நாளையே விலை இரட்டிப்பாகும் என்று யார் சொன்னாலும் விலகி நிற்கட்டும்.

அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தையும், நிம்மதியான இல்லத்தையும், போதுமென்ற மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.